மார்ஃபினும் பெத்தடினும் சந்தித்துக்கொண்ட மத்தியானம்

1. நல்ல தூக்கம்

ஷாஹீன் குறட்டை விட ஆரம்பித்தபோது நான் பெருமைப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக நான் கொஞ்சம் புத்திசாலி போலத் தெரிந்தால் அது என் எழுத்தின் குற்றம்.

என் பெயர் கலைச்செல்வி. ஊர் ஜோலார்பேட்டை. அப்பா ரயில்வேயில் கேங்மேன். நானும் ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்சாக வேண்டும் என்பது அவர் ஆசை. பரீட்சையில் ரயில்வே என்னை வேண்டாம் என்றது. ஆம்பூர் பைபாஸில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி வேண்டும் என்றது. அங்கே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருஷம் பெண்கள் சர்ஜரி வார்டுக்கு இன்சார்ஜ். இந்த வருஷம் ஓய்வு பெற்றபோது, இப்போது அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள் "ஏதாவது எழுதிக் கொடுங்க மேடம்" என்றார்கள். நன்றாக வேலை செய்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் பத்துக் கட்டில். பாதிக்கு மேல் கர்ப்பப்பை எடுத்த பெண்கள். ஷூ கம்பெனியில் தைப்பவர்கள், தோல் பதனிடும் ஷெட்டுகளில் வேலை செய்பவர்கள், ஒடுகத்தூர் பக்கம் கடலைக்காட்டில் வேலை செய்பவர்கள். மாசத்தில் இருபது நாள் ரத்தம் போனாலும் பஞ்சை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், கடைசியில் ரத்தம் ஆறு கிராமுக்கு வந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

ஆபரேஷன் செய்வது டாக்டர் சுகந்தி மேடம். கை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வயிற்றைத் தைத்தால் தையல் போட்ட இடம் கம்பெனி ஷூ மாதிரி இருக்கும். ஆனால் வலி விஷயத்தில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. ரவுண்ட்ஸில் யாராவது முனகினால், "புள்ள பெத்தவதானே நீ? இது இன்னா பெரிய வலி?" என்பார். பிள்ளை பெறாதவளாக இருந்தால், "புள்ள பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்பார். இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று.

கொள்கை ஒரு பக்கம் இருந்தாலும் மருந்து எழுதித்தானே ஆக வேண்டும். ஒவ்வொரு ஃபைலிலும் ஒரே ஆர்டரை எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன மேடம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிவிட்டார். ஆண்டிபயாடிக், டிரிப், யூரின் அளவு, கடைசி வரியில் "வலி இருந்தால் பெத்தடின், ப்ரோமெதாசின், தசையில்." பேஷண்ட் அட்மிஷனுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபைலில் ஸ்டாம்ப் விழுந்திருக்கும். பெத்தடின் என்பது மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி ஊசி. ப்ரோமெதாசின் வாந்தியையும் அரிப்பையும் நிறுத்தும், தூக்கத்தையும் கொண்டுவரும்.

வலி இருந்தால் என்று ஸ்டாம்ப் சொன்னது. நாங்கள் அதை நாலு மணி இருந்தால் என்று படித்தோம். நாலு மணிக்குத்தான் பார்வையாளர் நேரம். சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும்போது பேஷண்ட் கத்திக்கொண்டிருந்தால் கேள்வி வரும். தூங்கிக்கொண்டிருந்தால் பழம் வரும். ஆகவே இரண்டரை மணிவாக்கில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அன்றைக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஓர் ஊசி. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் ஏற்படுத்திய வழக்கம்தான்.

2. மூக்கு அரிப்பு

ஷாஹீனுக்கு நாற்பத்திநாலு வயது. வாணியம்பாடிக்காரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். அறுபது பெண்களை மேய்க்கிறவள். கட்டிலில் படுத்துக்கொண்டே எங்கள் வார்டு வேலையை மேற்பார்வை செய்தாள். "சிஸ்டர், அந்த டிரிப் முடியப்போவுது." "சிஸ்டர், மூணாம் கட்டில்ல பெட்ஷீட் மாத்தல." அவளுடைய அக்கா மெஹ்ருன் கூடவே இருந்தாள். ஷாஹீன் அவளை ஆபா என்று கூப்பிடுவாள். அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அதுதான் பேர். இரண்டு பேரும் உருதுவில் சண்டை போட்டுக்கொண்டு எங்களிடம் தமிழில் நியாயம் கேட்பார்கள்.

அவளுக்கு மயக்கம் கொடுத்தவர் டாக்டர் பிரவீன். சின்ன வயசு. பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி என்று நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்கு பைக்கில் போய்வருபவர். எங்களிடம் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியோடு துளியூண்டு மார்ஃபினும் சேர்த்துப் போட்டால் ஒரு நாள் முழுக்க வலி அடங்கியிருக்கும் என்பது அவர் படித்துவந்த முறை. நல்ல முறை. பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் செய்வதுதான். எங்கள் இடத்தில் அப்படி மார்ஃபின் போட்டுக்கொண்ட முதல் ஆள் ஷாஹீன்.

அவர் என்னிடம் சொன்னார் என்பது அவர் கட்சி. சொல்லவில்லை என்பது கொஞ்ச நாள் என் கட்சியாக இருந்தது. நடந்தது இதுதான்: தியேட்டர் வாசலில் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார், நான் டிராலியைத் தள்ளிக்கொண்டே தலையாட்டினேன். மயக்க மருந்துத் தாளில் தெளிவாக எழுதியும் வைத்திருந்தார், இருபத்திநாலு மணி நேரத்துக்கு வேறு எந்த மார்ஃபின் வகை ஊசியும் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது என்று. அந்தத் தாள் ஃபைலில் ஒப்புதல் படிவங்களுக்கும் ரத்த ரிப்போர்ட்டுக்கும் பின்னால் இருந்தது. முன்னால் ஸ்டாம்ப் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் காலை பத்தரைக்கு முடிந்தது. மத்தியானம் மெஹ்ருன் என்னைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டரம்மா, இவ மூக்கப் பாருங்க. சொறிஞ்சி சொறிஞ்சி தக்காளி மாதிரி ஆக்கிக்கிட்டா."

"இன்னாம்மா, வலிக்குதா?" என்று ஷாஹீனைக் கேட்டேன்.

"வலி ஜாஸ்தி இல்ல சிஸ்டர். சும்மா இழுக்குற மாதிரி கீது. இந்த அரிப்புதான் பேஜார்."

மார்ஃபினை முதுகில் போட்டால் மூக்கு அரிக்கும். அதைத் தெரிந்தவள் அங்கேயே உஷாராகியிருப்பாள். நான் பவுடர் அலர்ஜி என்று முடிவுகட்டினேன். ஊசியை நினைத்தேன். பெத்தடின் வலிக்கு, ப்ரோமெதாசின் அரிப்புக்கு. ஒரே சிரிஞ்சில் இரண்டு வேலை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இரண்டு பூட்டுப் போட்ட அலமாரியைத் திறந்து, ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முறைப்படி அந்தத் தப்பைச் செய்தேன். அப்போது மணி இரண்டே முக்கால்.

நாலு மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். ஷாஹீன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மெஹ்ருன் வந்தவர்களிடம் என்னைக் காட்டினாள்: "இந்த சிஸ்டர்தான். ஒரே ஊசி. பாருங்க, புள்ள மாதிரி தூங்குறா."

நான் அடக்கமாகச் சிரித்தேன்.

3. சொன்னால் மூச்சு விடுவாள்

சொந்தக்காரர்கள் போன பிறகு மெஹ்ருன் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"குறட்டை நின்னு நின்னு வருது சிஸ்டரம்மா. வீட்ல இவ குறட்டையே விட மாட்டா."

அந்த ஆரஞ்சு உரித்த கைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். உதட்டில் நிறம் சரியில்லை. சாம்பல் பூசிய மாதிரி. கட்டிலருகே போய் அவள் நெஞ்சைப் பார்த்தேன்.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். சார்ட்டில் சுவாசம் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணி எழுத வேண்டும். யாரும் எண்ண மாட்டோம். இருபது என்று எழுதிவிடுவோம். எங்கள் வார்டில் வயசானவளும் இருபது, சின்னவளும் இருபது, காய்ச்சல்காரியும் இருபது. ஷாஹீனின் சார்ட்டில் மூன்றரை மணிக்கு என் கையெழுத்தில் இருபது என்று எழுதியிருந்தது.

வருஷக்கணக்கில் முதல்முறையாக உண்மையாகவே எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஐந்து.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் வார்டுக்கு ஒன்றுதான். அதைத் தேடிப் பிடித்து மாட்டினேன். எழுபத்தெட்டு. கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மார்ஃபின் வகை மருந்து மிஞ்சினால்தான் அப்படிச் சுருங்கும். அப்போதுதான் என் மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது. ஃபைலைப் புரட்டினேன். ஸ்டாம்ப், ரத்த ரிப்போர்ட், ஒப்புதல் படிவம், கடைசியில் பிரவீன் டாக்டரின் சின்னக் கையெழுத்து. மார்ஃபின்.

வேலை போகும் என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

"ஷாஹீன்! மூச்ச இழு!" என்று காதருகே கத்தினேன்.

இழுத்தாள். விட்டாள். அப்புறம் ஒன்றுமில்லை.

"இழு!"

மறுபடி இழுத்தாள். இதுதான் இந்த மருந்துகளின் குணம். சொன்னால் மூச்சு விடுவார்கள். சொல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜனை முழுதாகத் திறந்தேன். தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மற்ற ஸ்டாஃபை டாக்டரம்மாவைக் கூப்பிட ஓ.பி.க்கு ஓடச் சொன்னேன். மெஹ்ருனுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்துவிட்டது.

"ஆபா, இவங்க காதுல 'மூச்சு விடு, மூச்சு விடு'ன்னு சொல்லிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க" என்றேன். அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். அந்த நேரத்தில் யாரை எப்படிக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாற்று மருந்து நாலாக்சோன். மார்ஃபினையும் பெத்தடினையும் கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஊசி. அது எங்கே இருக்கிறது? தியேட்டரில், எமர்ஜென்சி டிரேயில். தியேட்டர் எங்கே? பூட்டியிருக்கிறது. சாவி? தியேட்டர் டெக்னீஷியன் மணியிடம். மணி? பைபாஸுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில். அவன் செல்போன்? தியேட்டருக்குள், சார்ஜரில். எமர்ஜென்சி மருந்தை இத்தனை பத்திரமாக வைத்திருந்த ஆஸ்பத்திரியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

"யாராவது கீழ டீக்கடையில கீற அந்த சாவி மணிய கூப்பிடுங்க!"

மெஹ்ருன் ஜன்னலுக்கு ஓடினாள். மூன்றாவது மாடியிலிருந்து, லாரிச் சத்தத்தையெல்லாம் தாண்டி, "ஓ மணீ! ஓ சாவி மணீ! மேல வாடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்களாம். இரண்டு பேருக்கும் மணி என்றுதான் பேர். எங்கள் மணி டீ கிளாஸோடு ஓடிவந்தான். அதற்குள் ஷாஹீன் காதில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சுகந்தி மேடம் மூன்று மாடி ஏறி வந்தார், ஒரு கையில் கிளவுஸ், காலில் செருப்பு இல்லை. நான் ஒரே மூச்சில் சொன்னேன். மணி கொண்டுவந்த ஆம்பூலை அவர் உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிரவீன் டாக்டரைப் பிடித்தேன்.

"டைல்யூட் பண்ணி கொஞ்சம் கொஞ்சமா போடுங்க மேடம்" என்று போன் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஊசி மொத்தமும் உள்ளே போய்விட்டது.

அரை நிமிஷம். ஷாஹீன் கண்ணைத் திறந்தாள். உதட்டில் ரத்தம் ஏறியது. மீட்டர் தொண்ணூறைத் தாண்டியது. நான் அழ ஆரம்பிக்கலாமா என்று யோசித்தபோது அவள் கட்டிலோடு எழும்பினாள்.

மருந்து மொத்தத்தையும் தடுத்துவிட்டால் வலி மொத்தமும் திரும்பி வரும். வயிற்றை வெட்டித் தைத்து ஆறு மணி நேரம் ஆன பெண்ணுக்கு, ஒரு சொட்டு வலி மருந்தும் இல்லாமல், ஒரே நொடியில் எல்லாம் வந்து சேர்ந்தது.

"ஹாய் அல்லா! யார்ரா என் வயித்த கிழிச்சது?"

"நான்தாம்மா" என்றார் சுகந்தி மேடம்.

அதன்பிறகு ஷாஹீன் உருதுவில் சொன்னதை மெஹ்ருன் எங்களுக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

"இன்னும் முடியல மேடம்" என்றது போன். "நாலாக்சோன் முக்கால் மணி நேரத்துல எறங்கிடும். மார்ஃபின் எறங்காது. மறுபடி தூங்குவாங்க. பக்கத்துலயே உக்காந்து எண்ணுங்க. நான் பேரணாம்பட்டுலேந்து வர்றேன்."

கீழே ஓ.பி.யில் முப்பது பேர் காத்திருந்தார்கள். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஷாஹீன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை அவள் நெஞ்சுமேல். இன்னொரு கையில் வாட்ச். ஷாஹீன் வலியில் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள். பிள்ளை பெற்ற கணக்கை மேடம் அன்றைக்குக் கேட்கவில்லை. "வலிக்குது இல்ல? வலிக்கும்மா. தெரியுது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை.

சொன்ன மாதிரியே ஐந்தரைக்கு மூச்சு மறுபடி குறைந்தது. இந்த முறை நாலாக்சோனைக் கலந்து கொஞ்சமாகப் போட்டார். ஆறு மணிக்குப் பிரவீன் டாக்டர் வந்து, வயிற்றின் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசி போட்டார். அதற்கும் மார்ஃபின் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. ஷாஹீன் முகம் தளர்ந்தது. மூச்சு பதினாலு. என் கையால் எண்ணிய பதினாலு.

4. யார் மருந்து தப்பு

மறுநாள் காலை மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜருக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் பேப்பர் தெரியும்.

"உங்க ஸ்டாம்ப்தான் மேடம் பிரச்சனை" என்றார் பிரவீன் டாக்டர்.

"இருபது வருஷமா அந்த ஸ்டாம்ப்ல யாரும் மூச்ச விடாம இருந்ததில்ல. உங்க மார்ஃபின்தான் புதுசு" என்றார் மேடம்.

"நான் போட்ட அளவு சரி."

"நான் எழுதின அளவும் சரி."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. மார்ஃபினும் சரி, பெத்தடினும் சரி, ப்ரோமெதாசினும் சரி. மூன்று சரியும் ஒரே பெண்ணுக்குள் கூடியபோது மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான். மூன்றும் சந்தித்த இடம் என் கை.

மேனேஜர் முடிவு சொன்னார்: "ஃபைல்ல பிரஷர் கம்மியாச்சு, சரி பண்ணியாச்சுன்னு எழுதிடலாம். பேஷண்ட் நல்லா இருக்காங்க. எதுக்கு பயமுறுத்தணும்? கலை சிஸ்டருக்கு ஒரு மெமோ. அவங்க பேஷண்ட்கிட்ட இதப்பத்திப் பேச வேணாம்."

இரண்டு டாக்டர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மெமோவை வாங்கிக்கொண்டேன். என் மகள் அப்போது காலேஜ் முதல் வருஷம். வேலை வேண்டும்.

மூன்றாம் நாள் டிரெஸ்ஸிங் மாற்றும்போது மெஹ்ருன் கேன்டீனுக்குப் போயிருந்தாள். ஷாஹீன் கேட்டாள்.

"சிஸ்டர், அன்னிக்கு நீங்க என் காதுல மூச்சு விடு மூச்சு விடுன்னு கத்துனீங்க. பிரஷர் கம்மியானா அப்பிடியா கத்துவாங்க?"

பஞ்சைக் கீழே வைத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. முழுக்கச் சொன்னேன். மார்ஃபின், ஸ்டாம்ப், பின்னால் இருந்த தாள், நான் எழுதிய இருபது.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"வலி ஜாஸ்தி இல்லன்னு நான் சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"நாலு மணிக்கு விசிட்டர்ஸ் வருவாங்க. வார்டு அமைதியா இருக்கணும்னு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. தண்ணீரைக்கூட வேறு சிஸ்டரிடம் கேட்டு வாங்கினாள். அடி வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். மேனேஜர் சம்மரியை நீட்டினார். ஷாஹீன் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு வரும். ஷூ வாங்க வரும் ஃபாரின் பையர்களிடம் பேசுகிறவள்.

"லோ பிரஷர்னு போட்டிருக்கு. இது நடக்கலியே."

"மெடிக்கல் வார்த்தம்மா, உங்களுக்கு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"சார், எங்க லைன்ல ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனா, ஏன் ஆச்சுன்னு எழுதாம பெட்டி நகராது. நானே எழுத வைப்பேன். தச்சவ அழுதாலும் எழுத வைப்பேன். அப்பதான் அடுத்த ஜோடி ஒழுங்கா வரும். நான் ஒரு ஜோடி ஷூவ விட கம்மியா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். யார் வாயைத் திறந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். தரை அன்றைக்கு நன்றாகத் துடைத்திருந்தது.

"கேஸ் போடப்போறீங்களா?" என்றார் மேனேஜர்.

"கேஸ் போட எனக்கு நேரம் கிடையாது. நாளைக்கு எனக்கு இன்னொரு ஆபரேஷன்னா, அந்த டாக்டருக்கு இது தெரியணும். எழுதிக் கொடுங்க. இல்லன்னா கட்டில விட்டு எறங்க மாட்டேன்."

சுகந்தி மேடம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து சம்மரியை வாங்கினார். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையால் எழுதினார். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எதன்மேல் எது, மூச்சு எவ்வளவுக்குக் குறைந்தது, எல்லாம். கீழே கையெழுத்து. பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன்.

ஷாஹீன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஆனா நீங்க பொய் சொல்லல" என்றாள். அவ்வளவுதான். பழமும் கொடுக்கவில்லை, கையும் பிடிக்கவில்லை. சரியான கணக்கு.

5. கத்துகிற வார்டு

இங்கே கதையை முடித்தால் நான் திருந்திவிட்டேன் என்று ஆகிவிடும். நாங்கள் திருந்தவில்லை. பயந்தோம். இரண்டும் வேறு.

அடுத்த சில வாரங்கள் இரண்டு பூட்டு அலமாரியை யாரும் திறக்கவில்லை. பிரவீன் டாக்டர் ஸ்பைனலில் மார்ஃபின் போடுவதை நிறுத்தினார். நாங்கள் பெத்தடினைத் தொடவில்லை. பாராசிட்டமால் ஒன்றுதான். வார்டு சந்தைக்கடையாகிவிட்டது. ஒடுகத்தூரிலிருந்து வந்த பச்சையம்மாள் என்ற கடலைக்காட்டுப் பெண் வலியில் தலையணை உறையைக் கடித்துக் கிழித்துவிட்டாள். இருமினால் வயிறு பிடுங்கும் என்று இருமலை அடக்கியே வைத்திருந்தாள். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து பத்து நாள் கூடுதலாகப் படுத்தாள். ஊசி போட்டு ஒருத்தியைக் கொல்லப் பார்த்தேன். போடாமல் இன்னொருத்தியைக் கொல்லப் பார்த்தேன். இரண்டாவதற்கு யாரும் மெமோ தரவில்லை.

நான் சுகந்தி மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், பச்சையம்மாவுக்கு நாமதான் இந்த நிலைமைய குடுத்தோம்."

கொள்கையை எடுத்து வீசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஷாஹீன் என் தலைப்பப் பிடிச்சு முறுக்கினா பாரு கலை, அதுக்கு அப்புறம் யார் முனகினாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. பிரவீன கூப்புடு."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் அவர்கள் சண்டை, எனக்கு டீ. அப்புறம் வேலை நடந்தது. வலி ஊசிகளைச் சேர்த்துக் கொடுப்பது தப்பே இல்லை என்றார் பிரவீன் டாக்டர். பாராசிட்டமால் மணி பார்த்து, கேட்காமலே. டைக்ளோஃபெனாக் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அதுவும். இவை இரண்டும் பாதி வலியைத் தூக்கிக்கொண்டு போனால், மார்ஃபின் வகை கொஞ்சம் போதும். அந்தக் கொஞ்சத்தை யார் தீர்மானிப்பது? ஒரே ஆள். மயக்க டாக்டர். அவர் தியேட்டரில் கொடுத்ததும், வார்டில் கொடுப்பதும் ஒரே தாளில், ஃபைலின் முதல் பக்கத்தில். அந்தத் தாளைப் பார்க்காமல் அலமாரியைத் திறக்கக் கூடாது. மார்ஃபின் போட்டவர்களுக்கு மணிக்கு ஒருமுறை மூச்சை எண்ண வேண்டும், கூப்பிட்டால் கண் திறக்கிறாளா என்று பார்க்க வேண்டும். நாலாக்சோன் வார்டிலேயே, பூட்டு இல்லாத டிரேயில்.

"மூக்கு அரிச்சா?" என்று கேட்டேன்.

"பவுடர்னு சொல்லாதீங்க" என்றார் பிரவீன் டாக்டர்.

நான் ஒன்றே ஒன்று சேர்த்தேன். இருபது என்ற எண்ணை என் வார்டில் யார் எழுதினாலும், என் முன்னால் நின்று மறுபடி எண்ணிக் காட்ட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் பத்தொன்பது என்று எழுதினார்கள். இரண்டாம் வாரம்தான் எண்ண ஆரம்பித்தார்கள்.

6. நாலு மணி

புதிய தாள் வந்து ஒரு மாசம் இருக்கும். அன்றைக்கு நாலு பேருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. நாலு மணி ரவுண்ட்ஸுக்குச் சுகந்தி மேடம் வார்டுக்குள் காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் கலை இவ்ளோ அமைதியா இருக்கு?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். முனகல் இல்லை, அழுகை இல்லை. ஃபேன் சத்தம் மட்டும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் இடது பக்க வரிசைக்குப் போனார். நான் வலது பக்கம். வாட்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு நெஞ்சாகப் பார்த்தோம். ஒரு நிமிஷம், முழு நிமிஷம்.

"பதினாறு" என்றேன்.

"பதினாலு" என்றார்.

"பதினஞ்சு."

இளம் நர்ஸ்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கத்துகிற பேஷண்டுக்கு வலி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். அமைதியாக இருக்கிறவள் நிம்மதியாக இருக்கிறாளா, போய்க்கொண்டிருக்கிறாளா என்பது எண்ணினால்தான் தெரியும். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.

மேடம் நின்ற கடைசிக் கட்டிலில் இருந்த பெண் கண்ணைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா மேடம், என் நெஞ்சையே பாத்துக்கினு கீறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ மூச்சு விடு."

"விட்டுக்கினுதான் கீறேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மேடம் அவளுடைய தாளை எடுத்து, சுவாசம் என்ற கட்டத்தில் பதினேழு என்று எழுதினார்.